பிறந்த பூனைக்குட்டிகளைப் புது வீடு சேரும்வரை வளர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கண் திறக்காத பூனைக்குட்டி ஒன்று கையில் கிடைத்ததும் நம் வீடுகளில் எல்லாரும் செய்யும் முதல் காரியம், அடுப்படிக்கு ஓடிப் பால் எடுத்து வருவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். ஐப்பசி மழையில் நனைந்து விறைத்துக் கிடந்த குட்டிக்கு இங்க் ஃபில்லரில் பசும்பால் விட்டேன். இரண்டு மிடறு விழுங்கியது. விடிவதற்குள் போய்விட்டது. அதற்குப் பசி இருந்தது உண்மைதான், ஆனால் கொன்றது குளிர். உடம்பு குளிர்ந்துவிட்டால் குட்டியின் குடல் வேலை செய்யாது, உள்ளே போன பால் செரிக்காமல் தேங்கும் என்று பிறகு ஒரு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இதில் சொல்லப்போகும் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்: முதலில் சூடு, அப்புறம்தான் பால்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நான்கு தடவை குட்டிகள் வளர்ந்து வேறு வீடுகளுக்குப் போயிருக்கின்றன. இரண்டு தடவை தாயோடு, இரண்டு தடவை தாயில்லாமல். அந்த அனுபவத்தையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எடுப்பதற்கு முன்: தாய் எங்கே?

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று சொல்வார்கள். கணக்கு ஏழோ மூன்றோ, மாற்றுவது நிஜம். ஒரு நேரத்தில் ஒரு குட்டியைத்தான் அதனால் வாயில் கவ்விப் போக முடியும். அந்த இடைவெளியில் மற்றக் குட்டிகள் தனியாகக் கிடக்கும். மொட்டை மாடியிலோ மோட்டார் ரூமிலோ நீங்கள் பார்க்கும் ‘அநாதைக் குட்டிகள்’ பாதி இடம் மாற்றப்பட்ட குட்டிகளாக இருக்கலாம். தாய் இரை தேடிப் போயிருக்கவும் கூடும்.

வயிறு உருண்டு, ஒன்றின்மேல் ஒன்று படுத்துச் சத்தமில்லாமல் தூங்கினால் தாய் கவனித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விடாமல் கத்துகிறது, வயிறு ஒட்டியிருக்கிறது, உடம்பு அழுக்காக இருக்கிறது என்றால் கவலைப்பட வேண்டும். சந்தேகமாக இருந்தால் குட்டிகளைச் சுற்றிக் கோலப்பொடியை லேசாகத் தூவிவிட்டுத் தூரப் போய்விடுங்கள். கல்மாவு கோலப்பொடியாக இருக்கட்டும். அரிசிமாவு தூவினால் எறும்பு வரும். மூன்று, நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பூனைக் கால்தடம் பதிந்திருக்கும். நீங்கள் பக்கத்திலேயே நின்றால் தாய் வராது. மழை, வெயில், நாய், எறும்பு ஏதாவது ஒன்று குட்டிகளை நெருங்கிவிட்டால் மட்டும் காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள்.

மனிதர் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. அவசரத்துக்குத் தூக்கலாம், தொடலாம். சும்மா சும்மா தொட்டுக்கொண்டே இருந்தால்தான் தாய் மிரண்டு இடத்தை மாற்றும்.

தாயையும் சேர்த்துக் கொண்டுவர முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. நாம் எவ்வளவு பாடுபட்டாலும் தாய் செய்வதில் பாதிதான் நம்மால் செய்ய முடியும்.

இடமும் சூடும்

பழக்கடையில் கேட்டால் ஆப்பிள் வரும் அட்டைப்பெட்டி கிடைக்கும். ஒரு பக்கத்தை மட்டும் ஒரு சாண் உயரத்துக்குக் குறைத்து வெட்டிவிடுங்கள். தாய் தாண்டிப் போகும், குட்டி தாண்டாது. உள்ளே பழைய பருத்திச் சேலையோ வேட்டியோ மடித்துப் போட வேண்டும். நூல் வளையம் வளையமாக நிற்கும் துண்டு வேண்டாம், குட்டியின் நகம் அதில் மாட்டிக்கொள்ளும். துணியைத் தினமும் மாற்ற வேண்டியிருக்கும், ஆகவே நாலைந்து துணிகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி, ஆள் நடமாட்டம் குறைந்த, கொஞ்சம் இருட்டான மூலையில் இருக்கட்டும். ஃபேனுக்கு நேர்கீழே கூடவே கூடாது.

நம் ஊரில் குட்டிகளுக்கு இன்னோர் எதிரி உண்டு: எறும்பு. பிறந்த ஈரத்துக்கும் சிந்திய பாலுக்கும் வரிசை கட்டிவரும். கண் திறக்காத குட்டியால் தப்பித்து ஓட முடியாது. பெட்டியை ஒரு ஸ்டூலின் மேல் நன்றாகக் கட்டி வைத்து, ஸ்டூலின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்திவிடுங்கள். அந்தக் காலத்தில் பலகாரம் வைத்த மேசைக்குச் செய்வார்களே, அதேதான். தாய் கூட இருந்தால் அது சுலபமாக ஏறி இறங்கும் உயரம் போதும். எறும்பு சாக்பீஸ், எறும்புப் பொடி எதையும் பூனை இருக்கும் அறையில் போடாதீர்கள். அவற்றில் இருக்கும் பூச்சிமருந்தைப் பூனையின் உடம்பால் முறித்து வெளியேற்ற முடியாது. தரை துடைக்கும் ஃபினாயிலும் அப்படித்தான்.

இனி சூடு. முதல் வாரத்தில் குட்டிக்கு உடம்பை நடுக்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளக்கூடத் தெரியாது. அது படுத்திருக்கும் இடம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் 27, 28 போதும். நான்காம் வாரத்துக்குமேல் நமக்கு வசதியான சூடு அதற்கும் வசதி. தாயும் உடன்பிறப்புகளும் இருந்தால் இந்தச் சூடு தானாகக் கிடைத்துவிடும். தனிக் குட்டிக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். குளிர்பான பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, இரண்டு சுற்றுத் துணி சுற்றிப் பெட்டியின் ஓர் ஓரத்தில் வையுங்கள். ஓர் ஓரத்தில் மட்டும்தான், மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டுமல்லவா. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். ஆறிப்போன பாட்டில் குட்டியின் சூட்டையே உறிஞ்சும்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குட்டிகள் படுக்கும் விதமே சொல்லிவிடும். குவியலாக ஒட்டிக்கொண்டு முனகினால் குளிர்கிறது. தள்ளித்தள்ளிப் படுத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். தொட்டும் தொடாமலும் அமைதியாகக் கிடந்தால் சரியாக இருக்கிறது. சித்திரை, வைகாசியில் பகலில் பாட்டிலே தேவைப்படாது, ஆனால் ஏசி அறைக்கும் மார்கழி விடியலுக்கும் கட்டாயம் வேண்டும்.

குட்டி ஏற்கெனவே குளிர்ந்து கிடந்தால்? சுண்டுவிரலை அதன் வாய்க்குள் மெல்ல வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் பால் கொடுக்கக் கூடாது. சட்டைக்குள்ளே நெஞ்சோடு ஒட்ட வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையர் பிடிப்பது, அடுப்பருகே வைப்பது இவையெல்லாம் ஆபத்து. சூடு மெதுவாகத்தான் ஏற வேண்டும். உடம்பு துவண்டு கிடந்தால் ஒரு சொட்டு குளுக்கோஸ் தண்ணீரை ஈறில் தடவலாம், வாய்க்குள் ஊற்றக் கூடாது. வாய்க்குள் வெதுவெதுப்பு வந்து, விரலைச் சப்பத் தொடங்கியபின் பாலைப் பற்றி யோசிக்கலாம்.

தாய் இருந்தால் உங்கள் வேலை குறைவு

குட்டிக்கு நோயைத் தடுக்கும் சக்தி சீம்பாலில் இருந்துதான் வருகிறது. பிறந்த முதல் நாளுக்குள் குடித்தால்தான் அது உடம்பில் ஏறும். எல்லாக் குட்டிகளும் மடியைப் பிடித்தனவா என்று முதல் நாளில் ஒரு தடவை பாருங்கள். அதற்குமேல் தலையிட வேண்டாம். தொப்புள்கொடி தானே காய்ந்து சுமார் மூன்று முதல் ஐந்து நாளில் விழும். அதில் மஞ்சள் பூசுவதோ பிய்த்து எடுப்பதோ வேண்டாம்.

பாலூட்டும் பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். குட்டிப் பூனைகளுக்கான உணவையே தாய்க்கும் கொடுப்பது நல்லது, அதில் சத்து கூடுதல். தயிர்சாதமும் பால்சோறும் போட்டு நான்கு குட்டிக்குப் பால் கொடு என்றால் அது எலும்பும் தோலுமாகிவிடும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

இரண்டு விஷயத்தில் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மடி ஒரு பக்கம் கல்லுபோல் கெட்டியாகி, சிவந்து, தொட்டால் சுட்டால் அது மடிவீக்கம். தாய் நிலைகொள்ளாமல் மூச்சிரைத்து, கால் விறைத்து உடம்பு நடுங்கினால் சுண்ணாம்புச் சத்து குறைந்துவிட்டது. இந்த இரண்டாவது கோளாறு சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும்.

கடுவன் பூனை அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில கடுவன்கள் சின்னக் குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிடும்.

தாய் இல்லாவிட்டால்: கையால் பால் கொடுப்பது

முதலில் விசாரித்துப் பாருங்கள், தெரிந்தவர் யார் வீட்டிலாவது பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று. பாலூட்டும் பூனைகளில் பல அடுத்த பூனையின் குட்டியையும் சேர்த்துக்கொள்ளும். எங்களுக்கு ஒருமுறை அப்படி அமைந்தது. மூன்று தெரு தள்ளியிருந்த ஒரு வீட்டுப் பூனை, வைத்த ஐந்தாவது நிமிடம் குட்டியை நக்க ஆரம்பித்துவிட்டது.

அது அமையாவிட்டால் பால்பவுடர்தான். பூனைக்குட்டிகளுக்கென்றே தனிப் பால்பவுடர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. விலை கூடத்தான், இருந்தாலும் வேறு வழியில்லை. பூனைப்பாலில் இருக்கும் புரதம் பசும்பாலில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தால் இருக்கும் சத்தும் போய், பேதியும் சேர்ந்துகொள்ளும். இரவு பதினொரு மணிக்குக் குட்டி வந்து சேர்ந்தது, கடை இல்லை என்றால், கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் குளுக்கோஸ் கரைத்துச் சொட்டுச்சொட்டாகக் கொடுத்து அந்தச் சில மணி நேரத்தைக் கடத்தலாம். காலையில் முதல் வேலை பவுடர்.

டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படியே கரையுங்கள். கெட்டியாகக் கரைத்தால் மலச்சிக்கல், நீர்க்கக் கரைத்தால் குட்டி மெலியும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. சின்ன ஃபீடிங் பாட்டில் இருந்தால் நல்லது. முதல் வாரத்துக்கு ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சு இன்னும் வசதி என்பது என் அனுபவம், எத்தனை போனது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பிடிக்கும் விதம். இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். நம் குழந்தையைப்போல மல்லாத்திப் போட்டுக் கொடுக்கக் கூடாது. தாயின் மடியில் குட்டி எப்படிப் படுத்திருக்கும்? வயிறு கீழே, தலை கொஞ்சம் மேலே. அப்படியே மடியில் ஒரு துணி விரித்து, குப்புறப் படுக்க வைத்து, தாடையின் கீழ் ஒரு விரலைக் கொடுத்துத் தலையைத் தாங்குங்கள். சிரிஞ்சின் நுனி உதட்டோரம் படட்டும். சொட்டு விட்டு, அது சப்பி விழுங்கியபின் அடுத்த சொட்டு. குட்டி சரியாகக் குடிக்கும்போது காதுகள் லேசாக முன்னும் பின்னும் ஆடும், முன்னங்கால்கள் இரண்டும் உங்கள் விரலை மாறி மாறி அமுக்கும். அந்தக் காதாட்டத்தைப் பார்த்துவிட்டால் மனசு நிம்மதியாகிவிடும். மூக்கு வழியே பால் குமிழி வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தித் துடையுங்கள். நுரையீரலுக்குள் பால் போனால் நிமோனியா வரும். மூக்கில் பால் வந்த குட்டி பிறகு சுறுசுறுப்பு குறைந்து மூச்சிரைத்தால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

அளவு: 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 மில்லி. அதன் வயிறு ஒரு தடவைக்கு 4 மில்லிக்குமேல் தாங்காது. அதனால் முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும் விடாமல். இரண்டாம் வாரம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, மூன்றாம் வாரத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. 200 கிராம் குட்டிக்கு ஒரு நாளைக்கு 40 மில்லி என்று இதே கணக்கில் போட்டுக்கொள்ளலாம். ராத்திரி முறை வைத்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். எங்கள் வீட்டில் ஒரு மணிக்கு நான், மூன்று மணிக்கு அம்மா.

பால் கொடுத்ததோடு வேலை முடியாது. மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றிலிருந்து வால்பக்கம் நோக்கி மெதுவாகத் தடவிவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பஞ்சு மஞ்சளாகும். ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் இதைச் செய்ய வேண்டும். மலம் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது வரும், கடுகு அரைத்த விழுதுபோல மஞ்சளாக, குழைவாக இருந்தால் சரி. பிறகு பால் ஒட்டிய வாயையும் உடம்பையும் ஈரத்துணியால் துடைத்து, உடனே காயவைத்துப் பெட்டியில் விடுங்கள்.

தராசும் ஒரு நோட்டும்

வாங்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று என்றால் நான் தராசைத்தான் சொல்வேன். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு, ஒரு கிராம்வரை காட்டுவது. ஒரு கிண்ணத்தை வைத்துச் சுழியாக்கி, அதில் குட்டியை வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், பால் குடிக்கும் முன்.

பிறந்த குட்டி சாதாரணமாக 85 முதல் 115 கிராம் இருக்கும். தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனம், இரண்டு நாள் ஏறாவிட்டாலோ ஒரு நாள் இறங்கினாலோ ஏதோ கோளாறு.

ஏன் இத்தனை வற்புறுத்துகிறேன் என்றால், குட்டி நோயைக் காட்டிக்கொள்ளாது. துவண்டு விழும்வரை மற்றதோடு மற்றதாகத் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். தராசுதான் ஒரு நாள் முன்னதாகச் சொல்லும். எங்கள் மாடிப்படிக்குக் கீழே பிறந்த நான்கில் கடைசிக் குட்டி மெலிசு, சுள்ளான் என்று கூப்பிட்டோம். நோட்டில் அவன் பெயருக்கு எதிரே முதல் நாள் 84, இரண்டாம் நாள் 87, மூன்றாம் நாளும் 87, நான்காம் நாள் 83. மற்ற மூன்றும் தினமும் பத்துப் பன்னிரண்டு கிராம் ஏறிக்கொண்டிருந்தன. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அன்று முழுவதும் உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது, பெரிய குட்டிகள் அவனை மடியிலிருந்து தள்ளிவிடுகின்றன. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு தடவை அவனைத் தனியாகத் தாயின் மடியில் வைத்துப் பிடித்தோம், இடையிடையே சிரிஞ்சில் கொஞ்சம் பால். எட்டாம் நாள் 112. நோட்டு இல்லாமல் இருந்தால் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அவனைப் புதைத்திருப்போம்.

ஒரே நிறக் குட்டிகள் இருந்தால் அடையாளத்துக்குக் கழுத்தில் நூல் கட்டாதீர்கள், வளர வளர இறுகும். நகத்தில் ஒரு சொட்டு நெயில் பாலிஷும் வேண்டாம், தாய் நக்கும். முதுகில் கொஞ்சம் முடியை, குட்டிக்குக் குட்டி வேறு வேறு இடத்தில் கத்தரித்துவிட்டால் போதும்.

வாரம் வாரமாக

முதல் வாரம் தூக்கமும் பாலும் மட்டுமே. தூக்கத்தில் கால் கை வெட்டி வெட்டி இழுக்கும், வலிப்பு என்று பயப்பட வேண்டாம், அது இயல்பு.

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் கண் திறக்கும். நீங்களாகத் திறக்க முயலக் கூடாது. மூடிய இமைக்குக் கீழே வீங்கிச் சீழ் கட்டியிருந்தால் மட்டும் உடனே மருத்துவர். திறந்த பிறகு பீளை ஒட்டினால், கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், கண்ணுக்கு ஒரு பஞ்சு. எல்லாக் குட்டிக்கும் முதலில் கண் நீலம்தான். உண்மையான நிறம் ஆறேழு வாரத்துக்குப் பிறகு தெரியும்.

மூன்றாம் வாரத்தில் காது நிமிரும், முன்பற்கள் முளைக்கும், குடிகாரன்போல் தள்ளாடி நடக்கும். ஆணா பெண்ணா என்பதும் இப்போது கொஞ்சம் தெளிவாகத் தெரியும். வாலைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு துளைக்கும் இடைவெளி அதிகமாக, இரண்டு புள்ளிபோல் இருந்தால் ஆண். நெருக்கமாக, கீழே உள்ளது சின்னக் கோடுபோல் இருந்தால் பெண். கறுப்பு, செம்மை, வெள்ளை மூன்றும் கலந்த முக்கலர் குட்டி என்றால் பார்க்கவே வேண்டாம், ஏறக்குறைய எப்போதும் பெண்தான்.

மூன்று, நான்கு வாரத்தில் மண்தட்டு வையுங்கள். ஓரம் தாழ்ந்த பிளாஸ்டிக் தட்டில் காய்ந்த மணல் அல்லது கிழித்த காகிதம். ஈரம் பட்டால் கட்டியாகும் கடை மணலை இரண்டு மாதம்வரை தவிர்க்கவும். குட்டிகள் எதையும் தின்று பார்க்கும், அது வயிற்றுக்குள் கட்டியாகும். சாப்பிட்டவுடன் தட்டில் கொண்டுபோய் விட்டால் இரண்டே நாளில் பழகிவிடும். தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும்.

பால் மறந்து சாப்பாட்டுக்கு

நான்காம் வாரத்தில் தொடங்கலாம். குட்டிகளுக்கான ஈர உணவில் அதன் பால்பவுடரைக் கரைத்துக் கூழாக்கி, தட்டையான தட்டில் வையுங்கள். முதல் நாள் அதில் நடக்கும், மூக்கால் மூச்சிழுத்துத் தும்மும், உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். விரல் நுனியில் தொட்டு உதட்டில் வைத்தால் நக்கப் பழகும். வாயைத் திறந்து திணிக்க வேண்டாம். மெல்ல மெல்லக் கெட்டியாக்கி, எட்டாம் வாரத்தில் முழுச் சாப்பாடு.

பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. டாரின் என்ற சத்து இல்லாமல் போனால் அதன் கண்ணும் இதயமும் கெடும், அது அரிசியில் கிடையாது. வீட்டில் வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன் கொஞ்சம் கொடுக்கலாம், உப்பும் மஞ்சள்தூளும் வெங்காயமும் இல்லாமல். வெங்காயம், பூண்டு பூனைக்கு விஷம், குழம்பில் பிசைந்த சோறு கொடுக்காதீர்கள். வளரும் குட்டிக்கு முக்கியச் சாப்பாடு குட்டி உணவாகவே இருக்கட்டும்.

மருந்தும் ஊசியும்

வயிற்றுப் பூச்சிக்கான மருந்து இரண்டாம் வாரத்திலேயே ஆரம்பம். வட்டப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். 2, 4, 6, 8 வாரங்களில் கொடுப்பது வழக்கம், எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள். தாய்க்கும் கொடுக்க வேண்டும்.

உண்ணி, தெள்ளுப்பூச்சி மொய்த்தால் சின்னக் குட்டி ரத்தமில்லாமல் செத்தே போகும். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பேன்சீப்பால் சீவி எடுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாய்க்கு விடும் உண்ணி மருந்தைப் பூனைமேல் விடவே கூடாது. அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படியே, சின்னத் துண்டு மாத்திரைகூட உயிருக்கு ஆபத்து.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். மூன்று நோய்களைச் சேர்த்துத் தடுக்கும் ஊசி அது, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகும்வரை. அதில் முக்கியமானது பேன்லுக்கோபீனியா. வாந்தி, பேதி, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்காருவது இதன் அடையாளம். ஒரு வீட்டுக் குட்டிகள் மொத்தத்தையும் கொண்டுபோய்விடும், கிருமி அந்த இடத்தில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். இந்த நோய் வந்து போன வீட்டுக்கு ஊசி போடாத புதுக் குட்டியைக் கொண்டுவர வேண்டாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில்.

அரசு கால்நடை மருத்துவமனைகளில் பூனைகளையும் பார்க்கிறார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

உங்களுக்கும் ஒன்று. தெருவிலிருந்து வந்த பூனையோ குட்டியோ கடித்தால், பிறாண்டி ரத்தம் வந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.

மனிதரோடு பழக

இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரைதான் குட்டியின் மனசு திறந்திருக்கும் காலம். அந்த நேரத்தில் மனிதக் கையை அறியாத குட்டி பிறகு ஆளைக் கண்டாலே பரணுக்கு ஓடும். தினமும் கொஞ்ச நேரம் மடியில் வைத்துத் தடவுங்கள். ஆண், பெண், குழந்தை என்று பலரும் தூக்கட்டும். மிக்சி, பிரஷர் குக்கர் விசில், டிவி எல்லாச் சத்தமும் காதில் விழட்டும். வெறும் கையை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள், இன்று இனிக்கும் கடி ஆறு மாதத்தில் ரத்தம் வரவழைக்கும். நூலில் கட்டிய காகிதப் பந்து போதும், விளையாடி முடித்ததும் நூலை எடுத்து வைத்துவிடுங்கள். வாய்க்குள் போனால் குடலைச் சுருட்டும்.

கொடுக்கும் காலம், கொடுக்கும் விதம்

ஐந்தாம் வாரத்தில் குட்டி பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அப்போதுதான் எல்லாரும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். இரண்டு மாதம் முடியுமுன் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது, மூன்று மாதம்வரை வைத்திருந்தால் இன்னும் நல்லது. எத்தனை பலமாகக் கடிக்கலாம், எப்போது விட வேண்டும் என்பதைத் தாயும் உடன்பிறப்புகளும்தான் கற்றுக்கொடுக்கும். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 5,700-க்கும் மேற்பட்ட பூனைகளை வைத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கப்பட்ட பூனைகளிடம் மூர்க்கம் அதிகமாக இருந்ததைக் கண்டார்கள். 14 வாரம்வரை தாயோடு விடுவது நல்லது என்பது அவர்கள் யோசனை.

கேட்டவருக்கெல்லாம் கொடுப்பதும் சரியல்ல. நான் கேட்கும் கேள்விகள் இவை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? அடுக்குமாடியென்றால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை இருக்கிறதா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்? கருத்தடைக்குச் சம்மதமா? எலி பிடிக்க மட்டும்தான் வேண்டும், சோறு போடமாட்டோம் என்பவருக்கு நான் கொடுப்பதில்லை. முடிந்தவரை அவர்கள் வீட்டுக்கு நானே குட்டியைக் கொண்டுபோய்விடுவேன். அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் சொன்ன பதிலைவிட நிறையத் தெரிந்துவிடும். இரண்டு குட்டியாகச் சேர்த்து எடுப்பவர் கிடைத்தால் விடாதீர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

யாரும் வரவில்லை என்று சாக்கில் கட்டிக்கொண்டுபோய் மீன் மார்க்கெட்டிலோ கோயில் வாசலிலோ விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகளும் நாய்களும் அதை ஒரு நாள்கூட விட்டுவைக்காது. பசியில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. இன்னும் ஒரு மாதம் வைத்திருங்கள், ஆள் கிடைப்பார்கள்.

கொடுத்தனுப்பும் அன்று மூடி போட்ட கூடையில், காற்று வர வழி விட்டு, தாயோடு படுத்த துணியை அடியில் போட்டு அனுப்புங்கள். கையில் பிடித்துக்கொண்டு பைக்கில் போக வேண்டாம், ஒரு ஹாரன் சத்தத்தில் துள்ளி ஓடிவிடும். சாப்பிட்டுப் பழகிய அதே உணவு ஒரு வாரத்துக்கு, ஊசிச் சீட்டு, நோட்டில் அந்தக் குட்டியின் பக்கம், எல்லாம் கூடவே போக வேண்டும். புது வீட்டில் முதல் சில நாள் ஓர் அறையில் மட்டும் வைத்திருக்கச் சொல்லுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்க வேண்டாம், தட்டை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தால் இருட்டியதும் வெளியே வரும். தீபாவளி வாரத்தில் எந்தக் குட்டியையும் அனுப்பாதீர்கள், வெடிச் சத்தத்தில் புது இடத்திலிருந்து தப்பி ஓடிய குட்டிக்கு வழி தெரியாது.

எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் கொடுக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றாகப் போனால் தாய்க்குப் பால் மெல்ல வற்றும், மடி கட்டாது. இரண்டு மூன்று நாள் பெட்டியை எட்டி எட்டிப் பார்த்துக் கூப்பிடும். அப்போது அதன் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக உட்காருங்கள். பால் வற்றியதும் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி சினையாக முடியும், அதுவரை கடுவன் இருக்கும் பக்கம் விடக் கூடாது. குட்டிகளுக்கும் நான்கு, ஐந்து மாதத்தில் செய்துவிடலாம். நான்கு மாதப் பெண் குட்டியே சினையாவது உண்டு, எனவே அந்த மாதம் நீங்களே போன் போட்டு நினைவுபடுத்த வேண்டும்.

சுள்ளானை எடுத்துப்போன வீட்டுக்கு நான் அப்படித்தான் போன் செய்தேன். ஆபரேஷனுக்கு முன்பு நிறுத்தார்கள், 1 கிலோ 850 கிராம் என்றார்கள். நாங்கள் கொடுத்த நோட்டுப் பக்கத்திலேயே, 83-க்கு எத்தனையோ வரி கீழே, அதையும் எழுதி வைத்திருக்கிறார்களாம்.